பானைத் தண்ணீர் இருபத்தேழு டிகிரி

அந்த ஏசியில இருவத்திநாலுன்னு காட்டுதுல்ல, அதை நம்பாதீங்க சார். இங்க இப்ப இருவத்தெட்டு இருக்கும். கூட இருந்தாலும் இருக்கும், குறையாது. எனக்குத் தெர்மாமீட்டரே வேண்டாம், முழங்கை போதும். இருவத்திரண்டு வருஷமா இதே பொழப்பு. தண்ணியில முழங்கைய விட்டேன்னா அரை டிகிரி முன்னப்பின்ன சொல்லிடுவேன்.

உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இப்படி வாங்க. உங்க டோக்கன் எத்தனை? நாப்பத்தாறா? எனக்கு நாப்பத்தஞ்சு. இப்பதான் நாப்பத்திரண்டு உள்ள போயிருக்கு. ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கிறாரு. நிதானமா கேப்பாரு. நல்ல டாக்டர். அவரு மேல ஒரு தப்பும் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல சார். அம்பத்திமூணு வயசு ஆகுது, தலைவலின்னு படுத்தது கிடையாது. நான் வைத்தியத்துக்கு வரல. டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஒரே வாக்கியம். சொல்லிட்டுக் கிளம்பிடுவேன். இது மூணாவது தடவை வந்திருக்கேன். முதல் தடவை என் நம்பர் வர்ற நேரம் பாத்து ஒரு அம்மா ரொம்ப முடியாம இருந்தாங்க, சரி போங்கம்மான்னு விட்டுக் குடுத்தேன். ரெண்டாவது தடவை ஒரு பெரியவர் மணப்பாறை பஸ்ஸ விட்டுடுவேன்னாரு. மனுஷன்னா இரக்கம் வேணும்ல சார்.

பாக்கெட்டுல ரெண்டு பேனா வச்சிருக்கீங்களே, வாத்தியாருங்களா? போஸ்டாபீஸா! நல்லது. அப்ப அடுத்தவங்க விஷயத்த பத்திரமா வச்சிருப்பீங்க. நேரம் கிடக்கு, சொல்றேன் கேளுங்க.

நான் வயலூர் ரோட்டுல ஒரு அப்பார்ட்மெண்டுல நீச்சல் குளம் பாத்துக்கிறேன். நூத்திப் பன்னெண்டு வீடு. குளம் பெரிசு, ஒண்ணரை லட்சம் லிட்டர். பேரு லூர்துசாமி, எல்லாருக்கும் லூர்து. குளத்துல எலை பொறுக்குறது, மருந்து போடுறது, மோட்டாரு, வடிகட்டி எல்லாமே நான்தான். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியாததா? ஏப்ரல் வந்தா குளத்துத் தண்ணி முப்பத்திநாலுக்குப் போயிடும். குழந்தைங்க குதிச்சிட்டு, லூர்து அண்ணே வெந்நீரு வெந்நீருன்னு கத்தும். மத்தவங்களுக்கு அது வேடிக்கை. வசுமதி மேடத்துக்கு அப்படி இல்ல.

வசுமதி மேடம் மூணாவது மாடி. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நாப்பத்தோரு வயசு. அவங்களுக்கு ஒரு நரம்பு வியாதி. கரண்ட் வயருக்கு மேல ரப்பர் இருக்குல்ல, அது அங்கங்க உரிஞ்சு போனா எப்படி இருக்கும், அந்த மாதிரி. உடம்பு கொஞ்சம் சூடானாலே கால் சொன்ன பேச்சு கேக்காது. குளிர்ந்தா திரும்பக் கேக்கும். அதனால இந்த டாக்டர், ஆமா இவரேதான், தினமும் காலையில குளிர்ந்த தண்ணியில மார்பளவு நின்னு நடங்கன்னு சொல்லியிருக்காரு. இருவத்தெட்டுக்கு மேல போகக் கூடாது. போன பிப்ரவரியில மேடம் என்கிட்ட வந்து, "லூர்து, கோடையில தண்ணிய இருவத்தெட்டுக்குள்ள வைக்க முடியுமா? முடியலைன்னா சொல்லிடுங்க, நான் வேற வழி பாத்துக்கிறேன்"னு கேட்டாங்க.

முடியலைன்னா சொல்லிடுங்க. பாருங்க, அன்னைக்கே சொன்னாங்க. நான் என்ன சொன்னேன்? "லூர்து இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு மேடம் கவலை"ன்னேன். இந்த வாய் இருக்கு பாருங்க, இந்த வாய்.

முதல்ல ஐஸ் போட்டுப் பாத்தேன். முழு ஐஸ் பார் இருவது, டெம்போல கொண்டாந்து இறக்குனோம். எல்லா வீட்டுலயும் பால்கனியில நின்னு வேடிக்கை பாத்தாங்க. அரை டிகிரி இறங்குச்சு சார். அதுவும் மேடம் படியிறங்கி வர்றதுக்குள்ள ஏறிடுச்சு. அடுத்து பச்சை வலை வாங்கி மேல கட்டுனேன். ஒரு டிகிரி. அப்புறம் ஒரு நாள் பம்பு ரூம்ல உக்காந்து யோசனை பண்றேன், எதிர்ல என் மண்பானை. குடிக்கத் தண்ணி வச்சிருப்பேன். பானை வெளிப்பக்கம் வேர்த்து நிக்குது. சட்டுனு பொறி தட்டிச்சு. பானை வேர்க்குறதாலதானே உள்ள தண்ணி குளிருது? குளத்தையும் வேர்க்க வச்சா?

குளத்தோரம் நீளமா பைப்பு போட்டேன். பைப்புல வரிசையா ஓட்டை. தனியா ஒரு சின்ன மோட்டார். தண்ணி ஓட்டை வழியா மேல பீச்சி, பூப்பூவா உதிர்ந்து திரும்பக் குளத்துல விழும். சாயங்காலம் போட்டுவிட்டா விடியிற வரைக்கும் ஓடும். ஃபவுண்டன்னு பேரு வச்சோம். காலையில முழங்கைய விட்டுப் பாத்தேன். இருவத்தேழு! சத்தியமா சார், நான் அழுதுட்டேன். மேடம் வந்து இறங்கி குறுக்கால பன்னெண்டு நடை நடந்தாங்க. பன்னெண்டு! படியேறி வந்து, என் கையப் பிடிச்சு, "நீங்கதான் லூர்து எனக்கு ரெண்டாவது டாக்டர்"னாங்க. எந்தப் பெரிய மனுஷனும் என் கையப் பிடிச்சு அப்படிச் சொன்னதில்ல.

மேடம் ஒரு நோட்டு வச்சிருப்பாங்க. பச்சை அட்டை. கணக்கு டீச்சர்ல, எல்லாத்தையும் எழுதிடுவாங்க. தேதி, தண்ணி எத்தனை டிகிரி, எத்தனை நடை. மூணே கட்டம். நான் தெர்மாமீட்டரக் காட்டுவேன், அவங்க பாத்து எழுதுவாங்க. மாசத்துக்கு ஒரு தடவை அந்த நோட்டை டாக்டர் பாப்பாரு.

இதுக்கு நடுவுல செக்ரட்டரி கதிரேசன் சார். அவருக்கு ஃபவுண்டன் பிடிக்காது. பீச்சுற தண்ணியில பாதி காத்தோட போகுதுன்னு அவரு கட்சி. பொய்யும் இல்ல, தினம் ஒரு இஞ்சு இறங்கும். போர்வெல்ல தண்ணி கீழ போயிட்டிருக்குற நேரம். குளத்து டைல்ஸ்ல சாக்பீஸால கோடு போட்டு வச்சு, "இதுக்குக் கீழ போச்சுன்னா ஃபவுண்டன நிறுத்திடுவேன் லூர்து"ன்னு மிரட்டுவாரு. ஆரம்பமே அவராலதான் சார். அவரு அப்படி மிரட்டலைன்னா நான் மறைச்சிருக்கவே மாட்டேன்.

என்னத்த மறைச்சேன்? வர்றேன், வர்றேன்.

ஏப்ரல் பத்தொம்பது எங்க ஊர்ல மாதா தேர். நாலு மணி பஸ்ஸப் பிடிக்கணும். ஃபவுண்டன் மோட்டாருக்கு முன்னால ஒரு வடிகட்டிக் கூடை உண்டு. தினம் சாயங்காலம் அதைக் கழுவிட்டுத்தான் சுவிட்ச் போடணும். ஏப்ரல்ல வேப்பம்பூ கொட்டுற நேரம், ஒரு நாள் விட்டாலும் கூடை அடைச்சுக்கும். அன்னைக்குக் கழுவல. ஒரு நாள்தானேன்னு சுவிட்சப் போட்டுட்டு ஓடிட்டேன். மறுநாள் விடியக்காலையில வந்து இறங்குறேன், பம்பு ரூம்ல கருகுன வாசனை. மோட்டாரோட காயில் எரிஞ்சு போச்சு. தண்ணி முப்பத்தொண்ணு.

ஆறரை மணிக்கு மேடம் வருவாங்க. மணி ஆறு இருவது. கதிரேசன் சார்கிட்ட சொன்னா, சரி இத்தோட ஃபவுண்டனுக்கு ஒரு கும்பிடும்பாரு. மேடத்துகிட்ட சொன்னா, சரி லூர்து பரவாயில்லைம்பாங்க. அந்தப் பரவாயில்லையத்தான் என்னால கேக்க முடியாதுன்னு தோணிச்சு. ரெண்டு நாள்ல காயில் கட்டி வாங்கிடலாம், ரெண்டே ரெண்டு நாள்.

எங்க தெர்மாமீட்டரப் பாத்திருக்கீங்களா? கண்ணாடிக் குழாய்க்கு அடியில சின்னதா ஒரு கிண்ணம் இருக்கும். தண்ணி அதுல நிக்கும். வெளிய எடுத்தாலும் கொஞ்ச நேரத்துக்கு அளவு மாறாது. நான் அதை எடுத்து... பானைக்குள்ள விட்டேன் சார். பானைத் தண்ணி இருவத்தேழு. கிண்ணத்தோட தூக்கிட்டு வந்து மேடத்துகிட்ட காட்டுனேன்.

அவங்களுக்குக் கையிலயும் காலுலயும் சூடு குளிரு சரியாத் தெரியாது. அதுவும் அந்த வியாதிதான். அதனாலதான் தெர்மாமீட்டர நம்புறாங்க. ஆனா வயிறு வரைக்கும் இறங்குனதும் நின்னாங்க. "லூர்து, இன்னைக்கு வெதுவெதுன்னு இருக்குற மாதிரி இருக்கே?" நான் தெர்மாமீட்டரத் திரும்பக் காட்டுனேன். பாத்துட்டு சிரிச்சாங்க. "அப்ப என் உடம்புதான் பொய் சொல்லுது"ன்னாங்க.

அன்னைக்குப் பதினொரு நடை. ஒண்ணுதானே குறைஞ்சுதுன்னு நானே என்னைத் தேத்திக்கிட்டேன்.

காயில் கட்டுறவன் ரெண்டு நாள்னு சொல்லி ஒம்பது நாள் இழுத்தான். அவன் மேலயும் தப்பு இருக்கு சார். மோட்டாரு வந்தது ஏப்ரல் இருவத்தொம்பது. அன்னைக்கே மாட்டியிருப்பேன். மாட்டத்தான் போனேன். கதிரேசன் சார் வந்து தோள்ல கை போடுறாரு. "என்னய்யா லூர்து, பத்து நாளா ஃபவுண்டனும் ஓடல, தண்ணியும் ஒரு இஞ்சு கூட இறங்கல, டிகிரியும் இருவத்தேழுலயே நிக்குது, என்ன வித்தை பண்ற?"  பல்லக் காட்டுனேன். அதை அவரு தன்னடக்கம்னு நினைச்சுக்கிட்டாரு. மே ஒண்ணாந்தேதி தொழிலாளர் தினம்னு எங்க வேலைக்காரங்களுக்கு வருஷா வருஷம் ஒரு சின்ன விழா எடுப்பாங்க. இந்த வருஷம் மேடையில என்னைக் கூப்பிட்டு, தண்ணியும் மிச்சம் பண்ணி குளிர்ச்சியும் குடுத்த லூர்துவுக்குப் பொன்னாடைன்னு அறிவிச்சுட்டாங்க.

போத்துனது யாருன்னு நினைக்கிறீங்க? வசுமதி மேடம். ஸ்டிக்க ஒரு கையில ஊனிக்கிட்டு, ரெண்டு படி ஏறி வந்து போத்துனாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. என் பொண்டாட்டி முன்வரிசையில உக்காந்து கண்ணத் தொடைச்சா. சொல்லுங்க சார், அதுக்கப்புறம் எப்படி ஃபவுண்டன் போடுறது? போட்டா மறுநாளே தண்ணி ஒரு இஞ்சு இறங்கும். நேத்து வரைக்கும் இறங்கலையே, இன்னைக்கு ஏன்னு கேப்பாங்க. காயில் கட்டி வந்த மோட்டார பம்பு ரூம் மூலையில வச்சு, மேல அந்தப் பொன்னாடையவே போட்டு மூடி வச்சேன்.

நான் கெட்டவன் இல்ல சார். என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன். வலைய ரெண்டு மடிப்பாப் போட்டேன். மேடத்துக்குப் படியில வழுக்கக் கூடாதுன்னு ரப்பர் விரிச்சேன். இறங்கிட்டு வந்ததும் குடிக்க சில்லுனு தண்ணி குடுப்பேன். ஆமா, அதே பானையிலேருந்துதான். வேற எங்க இருக்கு.

நடை குறைஞ்சுகிட்டே வந்துச்சு. ஒம்பது. ஏழு. அஞ்சு. தண்ணி அன்னைக்கெல்லாம் முப்பத்திமூணு, முப்பத்திநாலு. எனக்கு எப்படித் தெரியும்னா, தினமும் முதல்ல குளத்துலதான் அளப்பேன். பழக்க தோஷம். உண்மையான அளவப் பாத்துட்டு, அப்புறம்தான் பானைக்குப் போவேன். ஒரு நாளாவது குளமே இறங்கியிருக்காதாங்குற நப்பாசையும் உண்டு. அதனால முப்பத்திநாலு நாளோட நிஜக் கணக்கும் எனக்கு மனப்பாடம். ராத்திரி கண்ண மூடுனா வரிசையா வரும்.

மே இருவத்திமூணு. மூணாவது நடையில மேடம் நின்னுட்டாங்க. கால் மடங்கிடுச்சு. நான் துணியோட குதிச்சுப் பிடிச்சேன். நானும் வாட்ச்மேனுமா தூக்கிட்டு வந்து படுக்க வச்சோம். உடம்பெல்லாம் கொதிக்குது. கண்ணத் தொறந்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? "உங்க செல்போன் நனைஞ்சிடுச்சா லூர்து?" அப்புறம் நோட்ட எடுக்கச் சொன்னாங்க. எழுத முடியல, பேனா விரல்ல நிக்கல. "நீங்களே எழுதுங்க, தண்ணி இருவத்தேழு, நடை மூணு"ன்னாங்க. நான் எழுதுனேன் சார். என் கையாலயே எழுதுனேன்.

அதோட வர்றத நிறுத்திட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே மோட்டார மாட்டி ஃபவுண்டனப் போட்டேன். மறுநாள் காலையில தண்ணி ஜில்லுனு கிடந்துச்சு. யாருக்கு? காக்கா வந்து குளிச்சுட்டுப் போச்சு.

இந்த டாக்டர் நோட்ட வாங்கிப் பாத்திருக்காரு. ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் பெரிசா இல்லையாம். ஆனா நோட்டுல தெளிவா இருக்கே? அதே இருவத்தேழு டிகிரியில பன்னெண்டு நடை நடந்தவங்க மூணு நடைக்கு வந்துட்டாங்கன்னா, நோய் முத்திடுச்சுன்னுதானே அர்த்தம்? அவரு வேற என்ன முடிவுக்கு வருவாரு? இப்ப ஊசி வழியா ஏத்துற ஒரு பெரிய மருந்து சொல்லியிருக்காரு. நோய எதிர்க்குற சக்திய அடியோட குறைச்சிடுமாம். சாதாரண காய்ச்சல் வந்தாக்கூட ஆபத்தாம். இதெல்லாம் மேடமே என்கிட்ட சாதாரணமா சொன்னாங்க. ஸ்கூல் வேலைக்கும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாங்க. "நிக்க முடியாதவளுக்குக் கரும்பலகை எதுக்கு லூர்து"ன்னாங்க. முதல் ஊசி இன்னைக்கு. இன்னைக்குத்தான் சார். மத்தியானம் ரெண்டு மணிக்கு.

போன வாரம் கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். பொய் சொன்னேன் சாமின்னேன். எத்தனை தடவைன்னாரு. முப்பத்திநாலுன்னேன்.  சாமியார், பத்து அருள் நிறை மரியே ஜெபம் சொல்லு, அந்த அம்மாகிட்ட போய் உண்மையச் சொல்லுன்னாரு. பத்துக்குப் பதிலா அம்பது சொன்னேன் சார். முட்டி போட்டே சொன்னேன். இன்னொண்ணுதான் பாக்கி.

மேடத்துகிட்ட சொல்ல வாய் வரல. அதான் டாக்டர்கிட்டயே சொல்லிடலாம்னு. அவரு படிச்சவரு, பக்குவமா எடுத்துச் சொல்லிடுவாரு. யாரு சொன்னான்னு கூட சொல்ல வேண்டியதில்ல.

நாப்பத்தி நாலா கூப்பிட்டாங்க? அடுத்து நான். உங்களுக்குக் கால் வீங்கியிருக்கே சார், ரொம்ப நேரம் உக்கார முடியாதே. வேணும்னா நீங்க முன்னால... 

அய்யோ. சார், லிஃப்ட்டப் பாருங்க. வீல்சேர்ல. அவங்கதான். தள்ளிக்கிட்டு வர்றது அவங்க தம்பி. என்னைப் பாத்துட்டாங்க, கை ஆட்டுறாங்க.

வணக்கம் மேடம்! லூர்துதான் மேடம். நானா? எனக்குத்தான் மேடம்... முட்டி வலி. ஆமா, ரொம்ப நாளா. நரம்பாம். அய்யோ, நீங்க எதுக்கு மேடம் டாக்டர்கிட்ட எனக்காகச் சொல்லிக்கிட்டு. இவரா? இவரு போஸ்டாபீஸ் சார், இப்பதான் பழக்கம். சொல்லாதீங்க மேடம், அதெல்லாம் என் வேலைதானே. விடுங்க மேடம். ரத்தம் எடுக்கப் போறீங்களா? பையக் குடுங்க, நான் வச்சிருக்கேன். பத்து நிமிஷம்தானே. போயிட்டு வாங்க மேடம்.

போயிட்டாங்க.

அப்படிப் பாக்காதீங்க சார். முட்டி எப்பவாவது வலிக்கத்தான் செய்யும். மேடம் உங்ககிட்ட சொன்னதக் கேட்டீங்கல்ல? "இவரு ஒரு நாளும் தவறுனதில்ல சார், என் உடம்புதான் தவறிடுச்சு." கேட்டீங்கல்ல? அதை நான் எப்படிக் கேட்டுக்கிட்டு நின்னேன் பாத்தீங்கல்ல? பொன்னாடை போத்துனப்பவும் இப்படித்தான் நின்னேன்.

பையில நோட்டு இருக்கு. பச்சை அட்டை. 

சார், உங்க பேனா ஒண்ணு குடுங்க. நீலமா? பரவாயில்ல. வாயில வர மாட்டேங்குது, கையில வரும்ல. ஏப்ரல் இருவது. இருவத்தேழ அடிச்சுட்டு, முப்பத்தொண்ணு. இருவத்தொண்ணு, முப்பத்தொண்ணரை. இருவத்திரண்டு, முப்பத்திரண்டு. இந்தப் பக்கத்தக் கொஞ்சம் பிடிங்க சார், ஃபேன் காத்துல பறக்குது. மே ஒண்ணு, முப்பத்திமூணு. பொன்னாடை அன்னைக்கு. மே பதினாலு, முப்பத்திநாலு. இருவத்திமூணு... இது என் கையெழுத்து. முப்பத்தி நாலரை.

அவ்வளவுதான். முடிஞ்சுது. இப்படியே பையில வச்சுட்டா டாக்டர் பாத்துக்குவாரு. 

ஆனா சார், பேரு போடலைன்னா? மேடமே குழம்பிப் போய்த் திருத்தி எழுதிட்டாங்கன்னு நினைச்சிடுவாரோ? புத்தியும் தடுமாறுது, நோய் தலைக்கு ஏறிடுச்சுன்னு இன்னொரு ஊசி எழுதிடுவாரோ? அப்படித்தானே நினைப்பாங்க. அவங்க உடம்பு மேலதானே எல்லாப் பழியும் போகுது. நான் போட்டு வச்ச பாதை அப்படி.

நாப்பத்தஞ்சு கூப்பிடுறாங்க. நீங்க போங்க சார். இல்ல, இந்தத் தடவை விட்டுக் குடுக்கறதுக்காக இல்ல. சக்கரச் சத்தம் கேக்குது, அவங்க திரும்பி வர்றாங்க. இந்த நோட்ட டாக்டர் பாக்குறதுக்கு முன்னால அவங்ககிட்ட குடுக்கணும்.

மேடம். கொஞ்சம் நில்லுங்க மேடம். எனக்கு முட்டி வலியெல்லாம் இல்ல மேடம்.